சொல்லி முடிக்காத நோய்

(விருதுநகர் மாவட்டம் மல்லாங்கிணற்றில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம். மேடையில் போகிற போக்கில் சொன்ன கிளைக்கதைகள் சிலவற்றை வெட்டியிருக்கிறேன். பேச்சின் தொனியில் கை வைக்கவில்லை.)



இது எஸ். ராமகிருஷ்ணன் பிறந்த ஊர். தமிழச்சி தங்கபாண்டியன் பிறந்த ஊர். கதையும் கவிதையும் கேட்டுப் பழகிய காதுகளுக்கு முன்னால் சளி, கிருமி, மாத்திரை என்று பேச வந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்ள வேண்டும். அழைப்பிதழில் 'தொற்றுநோயும் மனநலமும்: ஓர் ஆய்வாளரின் அனுபவங்கள்' என்று போட்டிருக்கிறார்கள். அதை வாசித்துவிட்டு என் சின்னம்மா கேட்டார்: "ரெண்டும் வேற வேற ஆஸ்பத்திரில்லடி?"

முப்பது வருடம் நான் செய்த வேலைக்கு இதைவிடக் கூர்மையான விமர்சனத்தை எந்த ஆய்விதழும் எழுதியதில்லை. ஆமாம், வேறு வேறு ஆஸ்பத்திரிதான். வேறு வேறு திட்டம், வேறு வேறு பதிவேடு, வேறு வேறு கட்டடம். காசநோய்க்கு ஒரு வாசல், ஹெச்ஐவிக்கு ஒரு வாசல், மனநலத்துக்கு இன்னொரு வாசல். மூன்று வாசலிலும் நிற்பது பல நேரம் ஒரே ஆள் என்பதுதான் சங்கடம்.

நான் சொல்ல வந்தது ஒரே ஒரு விஷயம். ஒருவருக்கு நோய் வந்திருக்கிறது என்பதை யாராவது அவரிடம் சொல்லியாக வேண்டும். அது போய்விட்டது என்பதையும் யாராவது சொல்லியாக வேண்டும். இந்தச் சொல்கிற வேலையை மருந்துச் சீட்டோடு ஒட்டிக்கொண்டு வரும் சில்லறை வேலையாக நாம் நினைத்திருக்கிறோம். அது சிகிச்சையில் பாதி என்பது என் கட்சி. அதைச் சில எண்ணிட்ட பகுதிகளாகப் பிரித்துச் சொல்கிறேன். எல்லாப் பகுதியும் ஒரே நீளமாக இருக்காது.

1. ஒரு தட்டு

தொண்ணூறுகளின் பின்பாதி. காசநோய்ச் சிகிச்சை முடித்தவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஓர் ஆய்வில் களப்பணியாளராக இருந்தேன். கையில் ஃபைல் இருக்கும் பெண் யாராக இருந்தாலும் நம் பக்கத்தில் ஒன்று டீச்சர், இல்லை நர்சம்மா. என்னை நர்சம்மா ஆக்கிவிட்டார்கள். மறுத்து மறுத்துப் பார்த்துவிட்டு நானும் விட்டுவிட்டேன்.

காரியாபட்டிப் பக்கம் ஒரு கிராமம். அந்த வீட்டு மருமகள் தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்கியவர். விடியும் முன் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், இருட்டிய பிறகு இறக்கிவிடும். இருமல் நிற்காமல் போனபோது வேனில் பக்கத்தில் உட்கார ஆள் இல்லாமல் போயிற்று; அப்புறம் வேனே நிற்காமல் போயிற்று. மாவட்டக் காசநோய் மையத்தில் மருந்து கொடுத்தார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டார், குணமானார். நான் போனது மருந்து முடிந்து ஒரு வருடம் கழித்து. இருமல் உண்டா, சளியில் ரத்தம் உண்டா, எடை எவ்வளவு, வேலைக்குப் போகிறீர்களா என்று என் படிவம் கேட்டது. எல்லாவற்றுக்கும் நல்ல பதில். கணக்கில் அவர் ஒரு வெற்றி.

மதியச் சாப்பாட்டு நேரம். மாமியார் எனக்கு இலை போட்டார். மருமகள் அடுப்படியின் கோடியில் உட்கார்ந்து, தனியாகச் சாய்த்து வைத்திருந்த எவர்சில்வர் தட்டை எடுத்தார். அதன் விளிம்பில் சிவப்பு நெயில் பாலிஷில் ஒரு பொட்டு. பக்கத்தில் இருந்த தம்ளரிலும் அதே பொட்டு.

"மருந்து முடிஞ்சு ஒரு வருசமாச்சே மதினி, இன்னும் எதுக்குத் தனித் தட்டு?"

அவர் மாமியாரைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. "முடிஞ்சு போச்சுன்னு யாரு நர்சம்மா வந்து சொன்னா? மாத்திரைய நிப்பாட்டிட்டாக, அம்புட்டுத்தான்."

பிறகு வாசல் வரை கூடவே வந்து மெதுவாகச் சொன்னார். பிள்ளை பக்கத்தில் படுத்து ஒன்றரை வருடமாகிறது. ராத்திரி தூக்கம் இல்லை. தண்ணி எடுக்கப் போனால் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டே நின்றுவிடுகிறார், யாராவது கூப்பிட்டால்தான் திரும்புகிறார். என் படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். இதை எழுத அதில் கட்டம் இல்லை. ஓரத்தில் பென்சிலால் எழுதினேன். ஓரத்தில் எழுதியவை கணினியில் ஏறாது.

என் வேலை திசைமாறியது அந்த வாசலில்தான். பிறகு மதுரையில் டாக்டர் சி. ராமசுப்பிரமணியன் 1992-ல் தொடங்கிய எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையில் சில மாதம் உட்கார்ந்து, மனநோய் என்றால் என்ன, குடும்பத்தோடு எப்படிப் பேசுவது என்று கற்றுக்கொண்டேன். காசநோய்க்காரி மனநலத்துக்குத் தாவிவிட்டாள் என்று நண்பர்கள் சிரித்தார்கள். நான் தாவவில்லை. அதே வீட்டில் இன்னொரு அறைக்குள் போனேன்.

2. நடுவில் சுவர் கிடையாது

கிருமி உடம்புக்கு, கவலை மனதுக்கு என்று பாகம் பிரித்தது நம் நிர்வாக வசதிக்காக. மருத்துவ வரலாறு அப்படிப் பிரியவில்லை. ஒரு காலத்தில் ஐரோப்பாவின் மனநலக் காப்பகங்களில் படுக்கைகளை நிறைத்திருந்தவர்களில் கணிசமானோர் மேகநோய் (சிஃபிலிஸ்) மூளையைத் தாக்கியதால் புத்தி பேதலித்தவர்கள். அவர்களுக்கு மலேரியாக் காய்ச்சலை வேண்டுமென்றே வரவழைத்து வைத்தியம் பார்த்தார் வாக்னர்-யாரெக் என்ற ஆஸ்திரிய மருத்துவர். அதற்காக 1927-ல் நோபல் பரிசு வாங்கினார். மனநோய் மருத்துவத்துக்குக் கிடைத்த முதல் நோபல், ஒரு தொற்றுக்கு இன்னொரு தொற்றைக் கொடுத்து வாங்கியது! பென்சிலின் வந்த பிறகு அந்த வைத்தியம் மறைந்துவிட்டது.

இன்னொன்று எனக்கு மிகவும் பிடித்த கதை. 1952-ல் நியூயார்க்கின் சீ வியூ காசநோய் மருத்துவமனையில் ஐசோனியசிட், இப்ரோனியசிட் என்ற இரண்டு புது மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து நடமாடினார்கள், பசி எடுத்தது, வார்டில் சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த உற்சாகத்தைப் பக்கவிளைவு என்று தள்ளிவிடாமல் சிலர் பின்தொடர்ந்தார்கள். ஐந்தாறு வருடத்தில் இப்ரோனியசிட் மனச்சோர்வுக்கான மருந்தாயிற்று. இன்று உலகமெங்கும் விற்கும் மனச்சோர்வு மாத்திரைகளின் பாட்டி ஒரு காசநோய் மாத்திரை.

மறுபக்கமும் உண்டு. மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குக் கொடுக்கும் சைக்ளோசெரின் சிலருக்கு மனக்கலக்கத்தைக் கொண்டுவரும். காதில் குரல் கேட்கிறது என்பார்கள், யாரோ துரத்துகிறார்கள் என்பார்கள். ஹெச்ஐவிக்கு நெடுங்காலம் கொடுத்த எஃபாவிரென்ஸ் பயங்கரக் கனவுகளைக் கொண்டுவரும். வீட்டில் என்ன செய்வார்கள்? மந்திரிக்கக் கூட்டிப் போவார்கள். 'இந்த மாத்திரையால் இப்படி வரலாம், வந்தால் உடனே வாங்க' என்ற ஒரு வாக்கியம் முன்பே சொல்லப்பட்டிருந்தால் தாயத்துச் செலவு மிச்சம்.

3. ஆறு மஞ்சள் குழிகள்

தொற்றுநோயில் தொடங்கி மனதிடம் வந்து சேர்ந்தவர்களில் தமிழ்நாட்டில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் டாக்டர் சுனிதி சாலமன். அவரை என் ஆசான் என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை இல்லை. ஒரு கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

1980-களின் நடுவில் அவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியர். எய்ட்ஸ் என்பது அமெரிக்காக்காரர்களின் வியாதி, நம் பண்பாட்டுக்குள் அது வராது என்று பெரிய மனிதர்கள் மேடையில் முழங்கிக்கொண்டிருந்தார்கள். சுனிதி தம் மாணவி செல்லப்பன் நிர்மலாவிடம் அதையே ஆய்வுத் தலைப்பாகக் கொடுத்தார். நிர்மலா மயிலாப்பூர் விஜிலன்ஸ் ஹோமுக்குப் போய், அங்கே அடைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிப் பெண்களிடம் ரத்தம் எடுத்தார். எண்பதுக்கும் மேற்பட்ட மாதிரிகள். வைக்க வேறு இடம் இல்லாமல் தம் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லை. 1986 பிப்ரவரியில் ஐஸ் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, கணவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு ரயிலேறி, வேலூர் சி.எம்.சி.க்குப் போனார். எலிசா பரிசோதனைத் தட்டின் குழிகளில் ஆறு, தொற்றுக்கு அடையாளமாக, மஞ்சளாக மாறின. நம் வீடுகளில் மஞ்சள் என்றால் மங்கலம். அன்று அந்த ஆய்வகத்தில் இருந்தவர்கள் அந்த நிறத்தைக் கண்டு உறைந்து போனார்கள். மறுபடி ரத்தம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பி உறுதி செய்தார்கள். அந்த ஆண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தார். இந்தியாவில் ஹெச்ஐவி இருக்கிறது என்று நாட்டுக்குச் சொல்லியாயிற்று.

இந்தக் கதையை நான் பலமுறை வகுப்பில் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், அந்த ஆறு பேருக்கு யார் சொன்னாங்க?" அன்று வகுப்பைப் பாதியில் முடித்துக்கொண்டேன். நாம் சொல்லும் கதையில் ஃபிரிட்ஜுக்கு இடம் இருக்கிறது, ஐஸ் பெட்டிக்கு இடம் இருக்கிறது, சட்டமன்றத்துக்கு இடம் இருக்கிறது. பூட்டிய விடுதிக்குள் இருந்த ஆறு பெண்கள் அந்தச் செய்தியை எங்கே நின்று கேட்டார்கள், கேட்டுவிட்டு அன்றிரவு எப்படிப் படுத்தார்கள் என்பதற்கு இடம் இல்லை. நிர்மலாவையோ சுனிதியையோ குறை சொல்லவில்லை. 1986-ல் அதற்கான சொற்கள் நம்மிடம் இல்லை. மருந்தும் இல்லை.

சுனிதி சாலமனின் பெருமை, அந்தச் சொற்களைத் தேடி வாழ்க்கையின் மறுபாதியைச் செலவழித்ததில் இருக்கிறது. அரசுப் பணியை விட்டு வெளியே வந்து 1993-ல் தம் தந்தை ஒய்.ஆர். கைடொண்டே பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தைத் தொடங்கினார். சோதனைக் குழாயோடு இருந்த பேராசிரியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நோயாளியோடு பேச உட்கார்ந்தார். தாய் தகப்பனுக்கு எப்படிச் சொல்வது, மனைவிக்கு எப்படிச் சொல்வது, சொன்ன பிறகு வரும் மௌனத்தை எப்படித் தாங்குவது. கடைசியில் ஹெச்ஐவி உள்ளவர்களுக்கு ஹெச்ஐவி உள்ளவர்களிலேயே வரன் பார்க்கும் கல்யாணத் தரகராகவும் ஆனார்! ஜாதகம், சாதி, சம்பளத்தோடு சிடி-4 என்ற எதிர்ப்பணு எண்ணிக்கையும் பார்த்துப் பொருத்தம் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குத் தெரிந்து, தொற்றுநோய் மருத்துவத்தில் இதைவிடப் பெரிய மனநலச் சிகிச்சை கிடையாது. உனக்கு நாளை என்று ஒன்று உண்டு என்பதை அறிவுரையாகச் சொல்லாமல் பெண் பார்த்துச் சொன்னார். 2015 ஜூலையில் காலமானார். பத்மஸ்ரீ அதற்குப் பிறகு, 2017-ல் வந்தது.

அவரைப் போன்றவர்கள் தட்டித் தட்டித்தான் அரசு மருத்துவமனைகளில் ஹெச்ஐவி பரிசோதனைக்கு முன்னும் பின்னும் ஆலோசனை கட்டாயமாயிற்று. தமிழ்நாட்டில் அந்த இடத்துக்கு 'நம்பிக்கை மையம்' என்று பெயர் வைத்தார்கள். அரசாங்கம் வைத்த பெயர்களில் எனக்குப் பிடித்த வெகு சிலவற்றில் அது ஒன்று. சிறிய அறைதான். ஆனால் கதவு உண்டு, இரண்டு நாற்காலி உண்டு.

அதே வளாகத்தில் காசநோய்ப் பிரிவைப் பாருங்கள். முடிவுச் சீட்டு ஜன்னல் வழியாக வரும். பெயரைக் கூப்பிடுவார்கள், வரிசையில் பின்னால் நிற்பவருக்கும் கேட்கும். இதை யாரையோ குறை கூறச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானே ஒரு வராந்தாவில் நின்று, "உங்களுக்கு டிபி பாசிடிவ் வந்திருக்கு, அந்த ரூமுக்குப் போங்க" என்று ஒரு கிழவரிடம் சத்தமாகச் சொல்லியிருக்கிறேன். அவருக்குக் காது மந்தம் என்று நினைத்தேன். அவருக்கு நன்றாகவே கேட்டது. சுற்றியிருந்த எல்லோருக்கும் கேட்டது. அவர் அந்த ரூமுக்குப் போகவில்லை. கேட் வழியாக வெளியே போனார்.

ஹெச்ஐவியை உட்கார்ந்து சொல்கிறோம். காசநோயை நின்றபடி சொல்கிறோம். மனநோயைச் சொல்வதே இல்லை. மாத்திரையைக் கொடுத்து 'தூக்கத்துக்கு' என்று அனுப்பிவிடுகிறோம்.

4. வேப்பிலைக் கொத்தும் தகரமும்

இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் பாதிப் பேராவது இருக்கன்குடி மாரியம்மன் கோவிலுக்குப் போயிருப்பீர்கள். ஆடிக் கடைசி வெள்ளிக்குச் சாத்தூர் ரோடே தெரியாது. நான் சாமி கும்பிடுவேனா மாட்டேனா என்பதை விட்டுவிடுங்கள். அம்மையை நம் ஆட்கள் சமாளித்த விதத்தை ஒரு தொற்றுநோய் ஆய்வாளராகப் பார்க்கிறேன்.

அம்மை போட்டால் வாசலில் வேப்பிலைக் கொத்துச் செருகுவார்கள். உள்ளே வராதே என்று அர்த்தம். ஆனால் அதைப் படிக்கிறவர் முகத்தைச் சுளிப்பதில்லை, கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு நகர்வார். படுத்திருக்கும் பிள்ளையை 'வியாதிக்காரன்' என்று யாரும் சொல்வதில்லை. 'ஆத்தா வந்திருக்கா' என்பார்கள். இளநீர், பானகம், வேப்பிலைப் படுக்கை, தனி அறை, கவனிக்க ஓர் ஆள். தனிமைப்படுத்தலும் உண்டு, மரியாதையும் உண்டு. முடிவில் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாம் தண்ணீர் ஊற்றி, கொத்தை வாசலிலிருந்து எடுத்துவிட்டால் ஊருக்கே தெரியும்: முடிந்தது. அன்றிலிருந்து அந்தப் பிள்ளை தெருவில் மற்ற பிள்ளைகளோடு புரளலாம்.

இதைக் கேட்டுவிட்டு, பழங்காலத்து வைத்தியமே போதும் என்று நான் சொன்னதாக யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி. இந்தியாவின் கடைசி நோயாளி 1975 மே மாதத்தில் கண்டுபிடிக்கப்பட்டார். 1980-ல் உலகமே விடுபட்டது. வேப்பிலை பெரியம்மையில் ஓர் உயிரைக்கூடக் காப்பாற்றவில்லை. ஆனால் பிழைத்து எழுந்தவரைத் திரும்ப வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ள ஒரு முறை வைத்திருந்தது. கிருமியைக் கொல்லும் அறிவும், கொன்ற பிறகு ஆளைச் சேர்த்துக்கொள்ளும் அறிவும் வேறு வேறு. ஒன்று வந்தபோது இன்னொன்றைக் கைநழுவ விட்டுவிட்டோம்.

2020-ல் வாசலில் என்ன செருகினோம்? தகரம். கொரோனா வந்த வீட்டு வாசலைத் தகரம் அடித்து மூடினார்கள், ஸ்டிக்கர் ஒட்டினார்கள். அந்த ஏப்ரலில் சென்னையில், கொரோனாவால் இறந்த நரம்பியல் அறுவைசிகிச்சை மருத்துவர் ஒருவரைப் புதைக்க விடாமல் கூட்டம் கல்லெறிந்து விரட்டியது. சக மருத்துவர் நள்ளிரவில் தம் கையாலேயே மண்வெட்டி பிடித்து அவரை அடக்கம் செய்தார். தகரத்தைக் கழற்றிய நாளில் யாரும் தலைக்குத் தண்ணீர் ஊற்றவில்லை. 'நெகடிவ்' என்று போனில் ஒரு குறுஞ்செய்தி வந்தது.

கட்டை அடுக்கிய அந்த மதினி வீட்டுக்கு இரண்டு வாரம் கழித்து மறுபடி போனேன். இந்த முறை சுகாதார ஆய்வாளரைக் கூட்டிப் போனேன், வெள்ளைச் சட்டை போட்ட ஆண் சொன்னால்தான் எடுபடும் என்ற கசப்பான கணக்கில். மாமியார், மாமனார், புருஷன், பக்கத்து வீட்டு மூன்று பேர் என்று எல்லோரையும் உட்கார வைத்து, சளிப் பரிசோதனைச் சீட்டைக் காட்டி, கிருமி இல்லை, பரவாது, முடிந்துவிட்டது என்று மூன்று தரம் சொன்னோம். மூன்றாம் தரம் சொல்லும்போது எனக்கே மூன்றாம் தண்ணீர் ஞாபகம் வந்தது. பிறகு நான் அந்தப் பொட்டு வைத்த தம்ளரில் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். மாமியார் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். குடித்து முடித்ததும், "அப்ப சரிதான்" என்றார். மண்ணெண்ணெய் தொட்டுத் துணியால் தேய்த்தபோதும் அந்தப் பொட்டு முழுக்கப் போகவில்லை.

5. வீடு

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1956-ல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கினார்கள். நோயாளிகளில் ஒரு பகுதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், இன்னொரு பகுதியை ஓட்டு வீட்டிலும் குடிசையிலுமே வைத்து அதே மருந்தைக் கொடுத்தார்கள். சானடோரியத்தில் ஓய்வு, முட்டை, பால், வீட்டில் கஞ்சி. ஒரு வருட முடிவில் பலன் ஏறக்குறைய சமம். வீட்டில் இருந்தவர்களுக்கு அதனால் தொற்று கூடுதலாகப் பரவவும் இல்லை. 1959-ல் வெளியான அந்த முடிவு உலகத்தின் காசநோய்ச் சிகிச்சையையே மாற்றியது. சானடோரியங்கள் காலியாயின.

சேத்துப்பட்டு மையம் தொடங்கிய அடுத்த ஆண்டே, 1957-ல், வேலூர் சி.எம்.சி.யில் மனநல மையம் தொடங்கினார்கள். அங்கே நோயாளியோடு குடும்பத்திலிருந்து ஒருவர் கூடவே தங்கியாக வேண்டும். காசநோயாளியை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிய அதே காலத்தில், மனநோயாளியின் வீட்டை ஆஸ்பத்திரிக்குள் கொண்டுவந்தார்கள். இரண்டும் ஒரே யோசனையின் இரண்டு முகம் என்று எனக்குப் படுகிறது. ஆனால் காசநோயில் மாத்திரை மட்டும் வீட்டுக்குப் போனது, பேச்சு போகவில்லை. மாத்திரையை எண்ண ஆள் வந்தார், மூத்திரத்தைச் சோதிக்க ஆள் வந்தார். மாமியாரிடம் உட்கார்ந்து பேச வேலைப்பட்டியலில் யாரும் இல்லை.

பேச ஆளில்லாத வீடு கடைசியில் என்ன செய்யும் என்பதற்கு நாம் தொலைவில் தேட வேண்டாம். 2001 ஆகஸ்ட் 6 விடியலில் ஏர்வாடியில் ஒரு காப்பகக் கொட்டகை பற்றி எரிந்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகினார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டவர்கள் கொடியவர்கள் இல்லை, உங்களையும் என்னையும் போன்ற குடும்பத்தார். இது நோய், இதற்கு மருந்து உண்டு என்று அவர்களிடம் உட்கார்ந்து சொன்னவர் எவரும் இல்லை. இப்போது ஏர்வாடி தர்காவில் துஆவும் நடக்கிறது, பக்கத்திலேயே மனநல மருத்துவர் மருந்தும் தருகிறார். இரண்டையும் எதிரியாக்காதது நல்ல புத்தி.

6. நம் மாவட்டத்தில் நடந்தது

இதைப் பேசலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஊர், பெயர் எதையும் சொல்லப் போவதில்லை. உங்களுக்குத் தெரியும்.

2018 டிசம்பர். நம் மாவட்டத்து அரசு மருத்துவமனை ஒன்றில் கர்ப்பிணிப் பெண் ஒருவருக்கு ஏற்றிய ரத்தத்தில் ஹெச்ஐவி இருந்தது. நாடே கொதித்தது. அது சரியான கோபம். உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இழப்பீட்டுக்கு உத்தரவிட்டது. அந்தப் பெண்ணைப் பற்றி எல்லோரும் பேசினோம். ரத்தம் கொடுத்த இளைஞரைப் பற்றி மெதுவாகத்தான் தெரிய வந்தது. வெளிநாட்டு வேலைக்காக எடுத்த பரிசோதனையில் அவருக்குத் தொற்று தெரிந்தது. தெரிந்ததும் அவரே ஆஸ்பத்திரிக்குத் தகவல் சொன்னார்: என் ரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று. அதற்குள் ஏற்றிவிட்டிருந்தார்கள். 2016-லேயே ஒரு ரத்ததான முகாமில் அவர் ரத்தத்தில் தொற்று தெரிந்தும் அவருக்குச் சொல்லிச் சேரவில்லை என்று அப்போது செய்திகள் வந்தன. செய்தி வெடித்த சில நாளில் அவர் தம் உயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். அந்த மாதம் முடிவதற்குள் இறந்தார்.

ஹெச்ஐவி இப்போது ஆளைக் கொல்லும் நோய் இல்லை. 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட இடங்களில் இலவசக் கூட்டு மருந்து தொடங்கியதிலிருந்து, ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பேரன் பேத்தி எடுக்கிறார்கள். அந்த இளைஞர் இன்று இங்கே கடைசி வரிசையில் கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கலாம். அவரைக் கொன்றது எது என்று ஒரு படிவத்தில் நிரப்பச் சொன்னால் நான் கிருமி என்று எழுத மாட்டேன். இரண்டு வருடம் தாமதமான ஒரு வாக்கியம், பிறகு எல்லாத் தொலைக்காட்சியிலும் ஒரே நேரத்தில் சொல்லப்பட்ட அதே வாக்கியம். இந்தக் கதையில் மிக நேர்மையாக நடந்துகொண்டவர் அவர்தான். தானாக முன்வந்து சொன்னவர். அவர் சொன்னதும் அவர் தோளில் கை போட ஒருவரை அனுப்பியிருக்க வேண்டும்.

7. என்ன கேட்கிறேன்

பெரிய கோரிக்கைகள் என்னிடம் இல்லை. விருதுநகருக்கு 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது. மனநல மருத்துவரைப் பார்க்க மதுரைக்கு ஓட வேண்டிய காலம் போய்விட்டது. இருப்பதை வைத்துக்கொண்டே செய்யக் கூடியதைச் சொல்கிறேன்.

2022 முதல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நல்ல திட்டம். புதிதாகக் காசநோய் தெரிந்தவரின் உயரம், எடை, மூச்சு வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், காலில் வீக்கம், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்து, ஆபத்தில் இருப்பவரை உடனே படுக்கையில் சேர்க்கிறார்கள். எந்த டாக்டரும் தேவையில்லை, செவிலியரே பார்த்துவிடலாம். அந்தப் பட்டியலின் கடைசியில் இரண்டு கேள்வி சேர்த்தால் போதும்: ராத்திரி தூங்குறீங்களா? வீட்ல யார்கூடச் சாப்பிடுறீங்க? இரண்டாவது கேள்வி மனநலக் கேள்வித்தாள் எதிலும் இருக்காது. தட்டு தனியாகிவிட்டதா என்பதை அது சொல்லிவிடும். மனச்சோர்வு உள்ள காசநோயாளிகள் மருந்தைப் பாதியில் நிறுத்துவது அதிகம் என்று பல நாட்டு ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே, இது இரக்கத்துக்காக மட்டும் கேட்பதில்லை. மருந்துச் செலவு வீணாகாமல் இருக்கவும்தான் கேட்கிறேன்.

இரண்டாவது, முடிவு நாள். ஆறு மாதம் மருந்து முடிந்த அன்று, நோயாளியின் வீட்டாரோடு ஒரு பத்து நிமிடம். சான்றிதழ் வேண்டாம், பொன்னாடை வேண்டாம், போட்டோ நிச்சயமாக வேண்டாம். ஒரு சுகாதாரப் பணியாளர் அந்த வீட்டுத் தம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டு வந்தால் போதும்.

மூன்றாவது நம் ஊர்க்காரர்களுக்கு. கொல்லக்கூடிய பொருள் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதும் பல தற்கொலைகளுக்கு ஒரு காரணம். சென்னையில் 1986-ல் சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு அமைப்பைத் தொடங்கிய டாக்டர் லட்சுமி விஜயகுமார் காட்டுமன்னார்கோவில் பக்கத்து கிராமங்களில் ஓர் ஏற்பாடு செய்து பார்த்தார். வீடுகளில் கிடந்த பூச்சிமருந்தை வாங்கி, ஊர்ப் பொதுவில் பூட்டுப் போட்ட பெட்டிகளில் வைக்கச் செய்தார். சாவு எண்ணமே பல நேரம் அரை மணி நேரம்தான். அந்த அரை மணியில் சாவியை எடுக்க இன்னோர் ஆளைப் பார்க்க வேண்டியிருந்தால், அவர் 'என்னப்பா இந்நேரத்துல?' என்று கேட்பார். அந்த ஒரு கேள்விக்காகத்தான் அத்தனை பூட்டும். பருத்திக்கும் மிளகாய்க்கும் மருந்தடிக்கும் இந்தக் கரிசல் காட்டில் அதை நாமும் செய்து பார்க்கலாம். பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அலமாரி போதும்.

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். முன்வரிசையில் சின்னம்மா என்னைப் பார்க்கிறார். ஒரே ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன், பேனா வைத்திருப்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். 14416. டெலி மானஸ், 2022 அக்டோபரிலிருந்து நடக்கும் இலவச மனநல உதவி எண். தமிழிலேயே பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. எழுதும்போது பக்கத்திலிருப்பவர் கேட்டால், பக்கத்து வீட்டுக்காரருக்காக என்று சொல்லிக்கொள்ளுங்கள். நானும் முதலில் அப்படிச் சொல்லித்தான் எழுதிக்கொண்டேன்.